ஃப்ரண்ட் எண்ட் இன்டர்வியூ: ரெஸ்யூமேயிலிருந்து ஆஃபர் லெட்டர் வரை, டெல்டாப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் முதல் கோடிங் ரவுண்டில் 40 நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறை, ஒரு டேபிள் ஃபேன், லேப்டாப், ஸ்க்ரீன் ஷேர். கேட்டது ஒரு தேடல் பெட்டி. எழுதி முடித்தேன், ஓடவும் ஓடியது. மறுநாளே 'இந்த முறை இல்லை' என்று மெயில். என்ன தப்பு என்று கேட்டு எழுதினேன். இன்டர்வியூ எடுத்தவர் நல்ல மனிதர், ஒரு வரி பதில் போட்டார்: நீங்கள் எதை ஏன் எழுதினீர்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, ஃப்ரண்ட் எண்ட், அதாவது பிரவுசரில் பயனர் பார்க்கும் பகுதியைக் கட்டும் வேலைக்கு வருகிறவர்களிடம் கேள்வி கேட்கிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று ரெஸ்யூமேயில் ஊர் பெயர் பார்த்தால் மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். அப்புறம் அந்தப் பிள்ளை என்னைப் போலவே மௌனமாக எழுத ஆரம்பித்தால் வயிற்றைப் பிசையும். 'பேசாம எழுது' என்று பள்ளிக்கூடத்தில் 12 வருஷம் பழகிய பழக்கம் அது, ஒரே நாளில் போகாது. கீழே சொல்லியிருக்கிற ஒவ்வொரு படியிலும் எதைப் படிப்பது என்பதோடு அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்பதையும் சேர்த்தே பழகுங்கள்.

எத்தனை ரவுண்ட் வரும்?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாக இப்படி: ஹெச்ஆர் போன் கால், ஒரு ஆன்லைன் டெஸ்ட் அல்லது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலை, ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் அடிப்படைகள் ஒரு ரவுண்ட், மெஷின் கோடிங், அதாவது ஒரு மணி ஒன்றரை மணி நேரத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக் காட்டுவது, அப்புறம் மேனேஜர், கடைசியில் சம்பளப் பேச்சு. மூன்று நான்கு வருஷ அனுபவம் இருந்தால் நடுவில் டிசைன் ரவுண்ட், அதாவது ஒரு பெரிய ஆப்பை எப்படி அமைப்பீர்கள் என்று கேட்பது, ஒன்றும் வரும். முதல் போன் காலிலேயே ஹெச்ஆரிடம் எத்தனை ரவுண்ட், எது எதில் என்ன கேட்பார்கள், பக்கம் கட்டும் கருவி ரியாக்ட்டா ஆங்குலரா என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் மதிப்புக் குறையுமோ என்ற தயக்கம் வேண்டாம். பெரும்பாலோர் தாராளமாகச் சொல்வார்கள்.

படி 1: ரெஸ்யூமே, ஒரு பக்கம்

ஒரே பக்கம். அப்பா பெயர், மதம், கையெழுத்து, 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். எழுதிய ஒவ்வொரு சொல்லும் கேள்வியாகத் திரும்பி வரும் என்று நினைத்து எழுதுங்கள். டைப்ஸ்கிரிப்ட் என்று போட்டால் ஜெனரிக் என்றால் என்ன என்று கேட்பார்கள். தெரியாதா, எடுத்துவிடுங்கள்.

ப்ராஜெக்ட் விஷயத்தில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். பத்து ரெஸ்யூமேயில் எட்டில் அதே டூ-டூ லிஸ்ட், அதே வானிலை ஆப். உங்கள் ஊரில் இருந்து ஒன்றைக் கட்டுங்கள். மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் மாமாவின் உரக்கடைக்குக் கடன் நோட்டு ஒன்றைப் பிரவுசரில் செய்திருந்தார். சம்பா அறுவடை வரைக்கும் கடனில் வாங்குகிறவர்கள் கணக்கு. நெட் இல்லாத நேரத்திலும் கடை நடக்கணும் என்பதால் தகவலைப் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடமான இன்டெக்ஸ்டு டிபியில் வைத்து, லைன் வந்ததும் சர்வருக்கு அனுப்பினார். ஒரே ஆளின் கணக்கை இரண்டு போனில் திருத்தினால் எந்தத் திருத்தம் நிலைக்கும் என்று கேட்டேன். அதே பிரச்சினை நிஜமாகவே வந்து மாமாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார், அதனால் அரைமணி நேரம் பேசினார். நான் மேலே எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

படி 2: வாயைப் பழக்குதல்

இதற்குத் தினம் 20 நிமிடம் போதும், ஆனால் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஒரு சின்னக் கணக்கை எடுங்கள். போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, எழுதும்போதே சொல்லிக்கொண்டே எழுதுங்கள். முதல் வாரம் தமிழிலேயே சொல்லுங்கள். யோசிப்பதும் இங்கிலீஷும் ஒரே நேரத்தில் இழுத்தால் இரண்டும் அறுந்துபோகும். இரண்டாம் வாரத்தில் இங்கிலீஷுக்கு மாறுங்கள். ஸ்டேட், கால்பேக், ரெண்டர் எல்லாம் எப்படியும் அதே சொற்கள்தான், நடுவில் வரும் வினைச்சொற்கள் ஒரு நாற்பது ஐம்பது இருக்கும், அவ்வளவுதான்.

ரெக்கார்டிங்கைத் திரும்பக் கேட்பது கொடுமை. கேளுங்கள். 20 நொடிக்கு மேல் மௌனம் வருகிற இடத்தை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன சொல்லியிருக்கலாம்? 'இரண்டு வழி தெரிகிறது, எது எளிது என்று பார்க்கிறேன்' என்றாலே போதும், கேட்பவருக்கு மூச்சு வரும்.

படி 3: ஜாவாஸ்கிரிப்ட்

ப்ரெண்டன் ஐக் 1995 இல் பத்தே நாளில் உருவாக்கிய மொழி இது. அந்த அவசரத்தின் தழும்புகள் இன்னும் கேள்வித்தாளில் இருக்கின்றன. நல், அதாவது 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பின் வகை என்ன என்று டைப்ஆஃப் வைத்துக் கேட்டால் ஆப்ஜெக்ட் என்று பதில் வரும். அது பழைய பிழை. திருத்தினால் இருக்கிற பக்கங்கள் உடையும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் நானே கேட்பதில்லை, கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோரும் கேட்பது மூன்று விஷயங்கள். குளோஷர் (ஒரு ஃபங்ஷன் தன்னைச் சுற்றியுள்ள மாறிகளை நினைவில் வைத்திருப்பது), திஸ் (ஃபங்ஷன் எந்த ஆப்ஜெக்ட்டுக்காக ஓடுகிறது என்பதைக் குறிக்கும் சொல்), ஈவென்ட் லூப் (எந்த வேலை எப்போது ஓடும் என்ற முறை). குளோஷருக்கு ஒரு பழைய கேள்வி: பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை ஓடும் ஒரு ஃபார் லூப், உள்ளே ஒரு செட்டைம்அவுட் (கொஞ்ச நேரம் கழித்து ஓட வைப்பது), அதில் லூப் எண்ணை அச்சிடுகிறோம். வார் போட்டு அறிவித்தால் மூன்று முறையும் 3 வரும். லெட் போட்டால் 0, 1, 2. 'லெட் போட்டால் சரியாகும்' என்று மட்டும் சொன்னால் பாதி மார்க்தான். வார் என்றால் மூன்று கால்பேக்குக்கும், அதாவது பிறகு ஓடக் கொடுத்த மூன்று ஃபங்ஷனுக்கும், ஒரே மாறிதான், அவை ஓடும்போது லூப் முடிந்து அதன் மதிப்பு 3 ஆகியிருக்கும். லெட் ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி தருகிறது. இந்த இரண்டு வாக்கியம் வாயில் சரளமாக வர வேண்டும்.

ஈவென்ட் லூப்புக்கு நான் பிள்ளைகளிடம் கல்யாணப் பந்தியைச் சொல்வேன். ஒரு பந்தி சாப்பிட்டு எழும்வரை அடுத்தவர் உட்கார முடியாது, அதுதான் கால் ஸ்டாக். பந்தி எழுந்ததும் முதலில் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் மைக்ரோடாஸ்க், அதாவது ப்ராமிஸ் (பிறகு வரப்போகும் பதில்) முடிந்ததும் ஓடும் வேலை. அவர்கள் சாப்பிடும்போது அவர்கள் ஆட்களே இன்னும் நாலு பேர் வந்தால் அவர்களுக்கும் இலை போட்ட பிறகுதான் ஊராருக்கு. ஊரார்தான் செட்டைம்அவுட். நேரம் பூஜ்யம் என்று போட்டாலும் ஊரார் ஊரார்தான். சரி, மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டே இருந்தால்? ஊரார் பட்டினி. பிரவுசரும் அப்படியே உறைந்துவிடும், ஸ்க்ரீனை வரைவதற்குக்கூட முறை வராது. பந்திக் கதை உங்களுக்குப் புரிய மட்டும். இன்டர்வியூவில் கால் ஸ்டாக், மைக்ரோடாஸ்க், டாஸ்க் கியூ என்று சரியான பெயரிலேயே சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, சர்வரிடம் தகவல் கேட்கும் ஃபெட்ச். சர்வர் 404 ('அப்படி ஒன்று இல்லை') அனுப்பினாலும் ஃபெட்ச் பிழையைப் பிடிக்கும் கேட்ச்சுக்குள் போகாது. பதிலில் ஓகே என்ற பண்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நெட் அறுந்தது போலக் கோரிக்கையே முடியாமல் போனால்தான் ரிஜெக்ட் ஆகும். இதைத் தானாகச் சொல்கிறவரை நான் உடனே கவனிப்பேன், கையைச் சுட்டுக்கொண்டவர் என்று தெரியும்.

படி 4: ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ்

'அது சும்மா' என்று நினைத்துப் படிக்காமல் வந்து இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். அகலம் 200, பேடிங் 20, பார்டர் 5 என்றால் பெட்டி மொத்தம் எத்தனை பிக்சல்? இரண்டு பக்கமும் சேர்த்து 250. பாக்ஸ்-சைஸிங்கை பார்டர்-பாக்ஸ் ஆக்கினால் 200. எது மேலே தெரியணும் என்று சொல்லும் ஸீ-இன்டெக்ஸ் 9999 போட்டும் மேலே வரவில்லை, ஏன்? அதை உள்ளே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்கு, அதாவது பெற்றோருக்கு, டிரான்ஸ்ஃபார்மோ ஒன்றுக்குக் குறைந்த ஒபாசிட்டியோ இருந்து அது தனி ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட் (தனக்குள்ளேயே மேல்-கீழ் வரிசை வைக்கும் அடுக்கு) ஆகியிருக்கலாம். ஸ்க்ரோல் செய்தாலும் ஒட்டி நிற்க வேண்டிய ஸ்டிக்கி ஒட்டவில்லை என்றால் பெற்றோரில் ஓவர்ஃப்ளோ ஹிடன் இருக்கிறதா பாருங்கள். ஃப்ளெக்ஸ் ஒரு திசைக்கு, கிரிட் இரண்டு திசைக்கு. கிரிட் 2017 இலிருந்தே பிரவுசர்களில் இருக்கிறது, இனியும் ஃப்ளோட் வைத்து லேஅவுட் போட வேண்டாம்.

பட்டனுக்குப் பட்டன் டேகையே போடுங்கள். டிவ்வில் ஆன்கிளிக் வைத்தால் டேப் கீ அங்கே நிற்காது, என்டர் தட்டினால் ஒன்றும் ஆகாது, ஸ்க்ரீன் ரீடர் அதைப் பட்டன் என்று படிக்காது. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5க்கு 1 என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 5: ரியாக்ட்

ஃபங்ஷனுக்குள்ளேயே ஸ்டேட், அதாவது மாறும் தகவல், வைக்க உதவும் ஹூக்ஸ் 2019 இல் வந்தது. இப்போது கிளாஸ் காம்போனென்ட் கேட்பவர்கள் குறைவு, பழைய கோட் பராமரிக்கும் இடமாக இருந்தால் கேட்பார்கள். செட்கவுன்ட் என்பதில் கவுன்ட் பிளஸ் ஒன்று என்று அடுத்தடுத்து மூன்று முறை அழைத்தால் ஒன்றுதான் கூடும், ஏனென்றால் அந்த ரெண்டரில் கவுன்ட் மூன்று வரியிலும் அதே பழைய எண். முந்தைய மதிப்பை வாங்கும் ஃபங்ஷனாகக் கொடுத்தால் மூன்று கூடும். லிஸ்ட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் அடையாளமான கீயாக இன்டெக்ஸைப் போட்டு, முதல் வரிசையை நீக்கினால் இன்புட் பெட்டிகளில் தட்டியது ஒரு வரிசை தள்ளி நிற்கும். இதைப் படித்தால் போதாது, ஒருமுறை செய்து பாருங்கள். டெவலப்மென்ட்டில் யூஸ்எஃபெக்ட் (ரெண்டருக்குப் பிறகு ஓடும் ஹூக்) இரண்டு முறை ஓடுகிறதே என்று பதறாதீர்கள். ஸ்ட்ரிக்ட் மோட் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறது, கிளீனப், அதாவது தொடங்கியதை நிறுத்தும் கோட், எழுதாததைக் காட்டிக்கொடுக்க.

படி 6: மெஷின் கோடிங்

இங்கேதான் வேலை கிடைப்பதும் போவதும். நான் தோற்ற அதே தேடல் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் தட்டினால் கீழே பரிந்துரைகள் வர வேண்டும்.

கீபோர்டைத் தொடும் முன் ஐந்து நிமிடம் கேள்வி கேளுங்கள். தகவல் சர்வரிலிருந்தா, கையில் இருக்கிற லிஸ்ட்டா? எத்தனை பரிந்துரை? கீபோர்டின் மேல்-கீழ் அம்புக்குறி வேலை செய்யணுமா? லைப்ரரி போடலாமா? பதில்களை ஒரு கமென்ட்டாகத் திரையிலேயே எழுதிவிடுங்கள். பிறகு 'முதல் இருபது நிமிடத்தில் அடிப்படையை ஓட வைக்கிறேன், பிறகு டிபவுன்ஸ், கடைசியில் கீபோர்டு' என்று திட்டத்தைச் சொல்லுங்கள். நேரம் போதாமல் கடைசி ஒன்று விட்டுப்போனாலும் அது உங்களுக்குத் தெரிந்தே விட்டது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது நம் ஊர்ச் சிக்கலுக்கு வாருங்கள். பயனர் 'திரு' என்று தட்டுகிறார். நம் பக்கத்தில் திருவாரூர், திருவையாறு, திருவிடைமருதூர், திருத்துறைப்பூண்டி, திருக்கடையூர் என்று பாதி மாவட்டமே வந்து நிற்கும். பெரிய பதில், மெதுவாக வரும். அதற்குள் அவர் 'திருவா' வரை தட்டிவிட்டார். சின்னப் பதில், சட்டென்று வந்து திருவாரூரைக் காட்டிவிட்டது. அரை நொடி கழித்து 'திரு'வுக்கான பழைய பதில் ஆற அமர வந்து லிஸ்ட்டை மேலெழுதிவிடுகிறது. பெட்டியில் 'திருவா', கீழே திருக்கடையூர். இதுதான் ரேஸ் கண்டிஷன். டிபவுன்ஸ், அதாவது தட்டி நிறுத்தி 300 மில்லிசெகண்ட் கழித்தே கேட்பது, இதைக் குறைக்கும்; தீர்க்காது. தீர்ப்பதற்கு அபார்ட்கன்ட்ரோலர் வைத்து பழைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள், அல்லது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து கடைசி எண்ணின் பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் தடவை எனக்கு டிபவுன்ஸ் தெரிந்திருந்தது, இரண்டாவது தெரிந்திருக்கவில்லை, முதலாவதையும் வாய்திறந்து சொல்லவில்லை.

டிபவுன்ஸையும் த்ராட்டிலையும் குழப்ப வேண்டாம். டிபவுன்ஸ் தட்டுவது நிற்கும்வரை காத்திருக்கும். த்ராட்டில் நிற்காமல் வந்தாலும் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை ஓடும், ஸ்க்ரோலுக்கு நல்லது. இரண்டையும் லைப்ரரி இல்லாமல் கையால் எழுதப் பழகியிருக்க வேண்டும், பத்துப் பதினைந்து வரிதான்.

மற்றவர்களிடம் இல்லாத ஒரு சரக்கு நம்மிடம் இருக்கிறது, அது தமிழ். ஸ்ட்ரிங்கைத் திருப்பிக் காட்டு என்பது அரதப்பழைய கேள்வி. எல்லோரும் ஸ்ப்ளிட், ரிவர்ஸ், ஜாயின் போடுவார்கள். 'தமிழ்' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து, லெங்த் கேட்டால் 5. 'தஞ்சாவூர்' நமக்கு ஐந்து, அதற்கு 9. மெய்ப்புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், திருப்பினால் புள்ளி தனியாக முன்னால் வந்து நிற்கும், 'மி'யின் கொக்கி ழகரத்தில் மாட்டிக்கொள்ளும். இன்டில் செக்மென்ட்டர் வைத்துப் பிரித்தால் த, மி, ழ் என்று சரியாக மூன்று கிடைக்கும். 2024 முதல் எல்லா முக்கியப் பிரவுசரிலும் இருக்கிறது. வரிசைப்படுத்துவதும் அப்படித்தான். சும்மா சார்ட் போட்டால் மனம் முதலில், மரம் பிறகு வரும், யூனிகோடில் னகரம் ரகரத்துக்கு முன்னால் இருப்பதால். அகராதியில் மரம்தான் முதலில். லோகேல்கம்பேரில் தமிழைக் குறிப்பிட்டால் சரியாகிவிடும். 'இங்கிலீஷ் எழுத்து மட்டும் என்று எடுத்துக்கொள்ளலாமா?' என்று ஆரம்பத்தில் கேட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள், பெங்களூரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

படி 7: வேகம்

புதியவர்களுக்கு இதில் அதிகம் கேட்பதில்லை. கூகுளின் மூன்று அளவுகளைத் தெரிந்துவையுங்கள்: பக்கத்தின் பெரிய பகுதி தெரிய 2.5 நொடிக்குள், தட்டினால் பதில் 200 மில்லிசெகண்டுக்குள், லேஅவுட் குதிப்பு 0.1க்குள். நடுவில் உள்ள ஐஎன்பி 2024 மார்ச்சில்தான் எஃப்ஐடி என்ற பழைய அளவின் இடத்துக்கு வந்தது, பழைய குறிப்புகளை வைத்துப் படித்தால் மாட்டுவீர்கள். படத்துக்கு அகலமும் உயரமும் போடுவது, கீழே உள்ளதை லேஸி லோட் (தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவது) செய்வது, ஜாவாஸ்கிரிப்ட்டைத் துண்டாக்குவது, இந்த மூன்றிலேயே நிறையப் பேசலாம்.

படி 8: அந்த நாள்

வீட்டிலிருந்து இன்டர்வியூ என்றால் மின்சாரமும் நெட்டும் முதலில். ஐப்பசி கார்த்திகை மழையில் எப்போது லைன் போகும் என்று யாருக்கும் தெரியாது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் ஓடாது. மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள், அல்லது அதற்கென்று வரும் சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். வேறு கம்பெனி சிம் போட்ட போனை ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாராக வையுங்கள், முந்தின நாளே இணைத்து ஸ்க்ரீன் ஷேர் போட்டுப் பாருங்கள். ஆடி மாதம் என்றால் அம்மன் கோயில் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று பார்த்து அறையைத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, 'செல்லாத்தா' பின்னணியில் ரியாக்ட் லைஃப்சைக்கிள் விளக்கிய பெண்ணை நான் இன்டர்வியூ செய்திருக்கிறேன். அவர் முதல் நிமிடத்திலேயே 'கோயில் திருவிழா, மன்னிக்கவும், சத்தம் இருந்தால் சொல்லுங்கள்' என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். எடுத்துக்கொண்டோம்.

சென்னைக்கு நேரில் கூப்பிட்டால் தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ், மன்னார்குடியிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸ், இரண்டும் இரவு வண்டி. காலையில் இறங்கி நேராக இன்டர்வியூவுக்கு ஓடாதீர்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னால் போய் யாராவது சித்தப்பா வீட்டில் தூங்குங்கள்.

ஏஐ கருவி பயன்படுத்தலாமா என்று நேரடியாகக் கேளுங்கள், சில இடத்தில் இப்போது அனுமதிக்கிறார்கள். அனுமதி இல்லாமல் பக்கத்துத் திரையைப் பார்த்துப் படிப்பது கண் ஓடுகிற ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

தெரியாத கேள்வி வந்தால்? 'இதை நான் பயன்படுத்தியதில்லை. பெயரை வைத்து இப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன், சரியா?' என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவது அரை பதில். சுற்றி வளைத்து அளப்பது அதைவிட மோசம்.

படி 9: மேனேஜர், சம்பளம்

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இப்போது என்ன செய்கிறீர்கள், கடைசியாகக் கட்டியது என்ன, அடுத்து என்ன தேடுகிறீர்கள், ஒன்றரை நிமிடம். 'குழுவில் சண்டை வந்தால்?' என்ற கேள்விக்கு நிஜத்தில் நடந்த ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

சம்பளத்தில் நம் ஆட்கள் கூச்சப்பட்டே நிறைய இழக்கிறார்கள். சிடிசி என்று சொல்லும், கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவுத் தொகைக்குள் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு, பணிக்கொடை, இன்சூரன்ஸ், சில இடத்தில் வருஷக் கடைசி போனஸ் எல்லாம் அடங்கியிருக்கும். 'மாதம் கைக்கு எவ்வளவு வரும், அதில் நிச்சயமானது எவ்வளவு?' என்று கேளுங்கள். எண் கேட்டால் ஒற்றை எண் சொல்லாமல், நீங்கள் ஏற்கக்கூடிய குறைந்தபட்சத்தை அடியாக வைத்து ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். நோட்டீஸ் பீரியட், பாண்ட், டெல்டாவிலிருந்தே வேலை செய்யலாமா என்பதெல்லாம் ஆஃபர் லெட்டரில் எழுத்தாக வர வேண்டும். வாய்ச்சொல்லாக 'வாரம் இரண்டு நாள் வந்தால் போதும்' என்பார்கள், சேர்ந்த பிறகு மேனேஜர் மாறிவிடுவார். தஞ்சாவூரிலேயே 2024 இல் நியோ டைடல் பார்க் திறந்திருக்கிறார்கள், அங்கே உள்ள இடங்களையும் ஒரு கண் வைத்திருங்கள்.

வேலைக்கு என்று யார் முன்பணம் கேட்டாலும், அது ட்ரெயினிங் டெபாசிட்டானாலும் லேப்டாப் கட்டணமானாலும், அங்கேயே நிறுத்துங்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

கிடைக்காமல் போனால்

அன்று இரவே, சாப்பிடுவதற்கு முன்னால், கேட்ட கேள்வி அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் பாதி மறந்துவிடும். தடுமாறிய இரண்டை மட்டும் மறுநாள் கையால் கட்டிப் பாருங்கள், ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டே. கருத்து கேட்டு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். பெரும்பாலும் பதில் வராது, எனக்கு ஒன்றுக்கு வந்தது. அந்தத் தேடல் பெட்டியை மறுபடி எழுதியபோது மாடி அறையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அம்மா, 'யாருடா வந்திருக்கா, காபி போடவா?' என்று குரல் கொடுத்தார்.